அன்று நான் சொல்லாத ‘வந்துடு’

அன்புள்ள பாப்பாவுக்கு,

ஞாயிற்றுக்கிழமை நீ போனில், எல்லாத்தையும் விட்டுட்டு வீட்டுக்கு வந்துடட்டுமா சித்தி என்று கேட்டபோது நான் வந்துடு என்று சொல்லவில்லை. உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் என்றேன். நீ கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாய், பிறகு சரி, அப்புறம் பேசுறேன் என்று வைத்துவிட்டாய். அந்தக் கொஞ்ச நேரம் இன்னும் என் காதிலேயே நிற்கிறது. நாங்கள் இங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, தூங்கி எழுந்து நன்றாக இருக்க வேண்டும் என்று முதலில் எழுதியிருக்க வேண்டும், முறை மாறிவிட்டது, பொறுத்துக்கொள்.

உன் அப்பாவின் கூத்தைக் கேள். நீ இப்படிக் கேட்டாய் என்று மட்டும்தான் சொன்னேன், மறுநாளே அரை நாள் லீவு போட்டுவிட்டுப் பெயின்ட் டப்பாவும் பிரஷ்ஷுமாக வாசலில் நிற்கிறார். அவ இன்னும் முடிவே பண்ணலையே என்றால், அவ பண்ணும்போது பண்ணட்டும், சுவர் காய வேண்டாமா என்கிறார். உன் அறைக்கு வெளிர் நீலம், கூடவே ஸ்விட்ச், கதவுப் பிடி, தன் மூக்குக் கண்ணாடி எல்லாவற்றுக்கும் அதே நீலம். கண்ணாடியைத் துடைத்து மீட்டது நான். எட்டிப் பார்க்க வந்த பெரிய அத்தை, என்னடா, வீட்ல விசேஷமா என்று கேட்க, இன்ஸ்பெக்டர் வர்றாங்கக்கா என்றார். சின்ன வயதில் உனக்குப் புதுச் செருப்பு வாங்கித் தந்தால்கூடப் புரட்டிப் புரட்டிப் பார்த்து ஒரு குறை கண்டுபிடிப்பாயே, அப்போது வைத்த பெயரை இன்னும் விடவில்லை. அத்தைக்குத்தான் மனசு ஆறவில்லை. இன்சூரன்ஸ் கம்பெனி, ஏசி ரூம், அதை விட்டுட்டு வருவாளா, இந்தக் காலத்துப் பிள்ளைங்களுக்கு நாற்காலி சூடாகறதுக்குள்ள எழுந்துடணும் என்று ஒரு பாட்டம் தீர்த்தார்கள். அன்று அவர்கள் டீயில் சர்க்கரையைக் குறைத்துப் போட்டேன், என்னால் முடிந்த பதில் அதுதான்.

நான் ஏன் சொல்லவில்லை என்பதை எழுதத்தான் உட்கார்ந்தேன். எங்கள் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் இருட்டறையில் நான் ஒவ்வொரு லென்ஸாக மாற்றி மாற்றிப் போட்டு, முதல்ல போட்டதா, இப்ப போட்டதா, எது தெளிவா இருக்கு என்று கேட்பேன் இல்லையா. பாதிப் பேர் எழுத்தைப் பார்ப்பதில்லை, என் குரலைப் பார்க்கிறார்கள். ‘இப்ப’ என்பதில் நான் ஒரு துளி அழுத்தம் கொடுத்தால் போதும், ஆமாம், இதுதான், சூப்பரா இருக்கு என்பார்கள். அப்படி என் விருப்பத்துக்கு வாங்கிப் போன கண்ணாடி ஒரு வாரத்தில் தலைவலியோடு திரும்பி வரும். அதனால் கேட்கும்போது குரலில் எதுவும் தெரியாதபடி பேசப் பழகிவிட்டேன். நீ கேட்டபோதும் அந்தக் குரல்தான் வந்தது. ஆனால் நான் உன்னைப் பெற்றவள் இல்லை, நீ பதினோரு வயதில் கதவுக்குப் பின்னால் நின்று என்னை எடை போட்டுக்கொண்டிருந்தபோது வந்தவள். சித்திக்கு நான் வர்றது இஷ்டமில்லையோ என்று அந்தக் கொஞ்ச நேரத்தில் நீ நினைத்திருந்தால் என்ற எண்ணம் வந்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

இஷ்டமில்லாமல் இல்லை பாப்பா. நாம் இரண்டு பேரும் ஒரே புத்தகத்தில் ஆளுக்கொரு அடையாளச் சீட்டு வைத்துப் படிப்போம், நீ என்னைத் தாண்டிப் போய்விட்டால் கதையைச் சொல்லிவிடுவேன் என்று மிரட்டுவாய். இப்போதும் புதுப் புத்தகம் எடுத்தால் கை தானாக இரண்டு சீட்டு வைக்கிறது. உன்னுடையது முதல் பக்கத்திலேயே கிடக்கிறது. கடையிலிருந்து வரும்போது பஸ் ஸ்டாப்பில் உன் உயரத்தில், உன்னை மாதிரியே பையை முன்பக்கம் மாட்டிக்கொண்டு ஒரு பெண் நிற்பாள், அவள் திரும்புகிற வரை நான் மெதுவாக நடப்பேன். இதெல்லாம் எனக்குச் சட்டென்று வாயில் வராது, உனக்கே தெரியும். வந்துடு. சொல்லிவிட்டேன்.

இனி அன்று உன் குரலில் என் காதில் விழுந்ததையும் சொல்ல வேண்டும். அன்று நீ ஆபீஸைப் பற்றிப் பேசியது கொஞ்சம்தான். விபத்தில் அடிபட்டவர்களின் பேப்பரைப் படித்துப் படித்துப் பணம் கிடையாது என்று அனுப்புவது, லிஃப்ட்டுல மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கு சித்தி, மேலயும் போகல, கீழயும் இறங்கல என்றாய், யாரோ எழுதிக் கொடுத்ததைப் படிக்கிற குரல். பிறகு ஒரு பில்லைச் சரிபார்க்கச் செயற்கைக் கால் செய்கிற கூடத்துக்குப் போன கதையை ஆரம்பித்தாய், என்னை ஒரு ‘உம்’ கொட்டவும் விடவில்லை. மாவுக்கட்டில் அச்சு எடுப்பது, அதைச் சீவிச் சீவிச் சரி பண்ணுவது, எங்கே அழுத்தினால் புண்ணாகும் என்பது, விபத்தில் கால் போன ஒரு டிரைவர் புதுக் காலோடு கம்பியைப் பிடித்து நடந்தபோது கால் செய்த அம்மா காலைப் பார்க்காமல் அவர் தோளைப் பார்த்தது, தோள் சாய்ஞ்சா கால் சரியில்லைன்னு அர்த்தமாம் சித்தி என்று நீ கத்தியது. செருப்பைப் புரட்டிப் பார்த்த பிள்ளையின் குரல் அது, வருஷக்கணக்காக நான் கேட்காத குரல். கால் செய்யக் கற்றுத்தரும் படிப்பு அந்தக் கூடத்திலேயே இருக்கிறது, மூணு வருஷம், அதெல்லாம் என்னால முடியுமா என்று நீயே சொல்லி நீயே பேச்சை மாற்றினாய். வீட்டுக்கு வரட்டுமா என்று கேட்டது அதற்குப் பிறகுதான்.

எது தெளிவாக இருக்கிறது என்று நீதான் சொல்ல வேண்டும். ஒன்று மட்டும், வேடிக்கை பார்ப்பது வேறு, வேலை வேறு. லீவு நாளில் அங்கே போய் மாவுக்கட்டு குழைத்துக் கொடு, தரையைக் கழுவு, நாலைந்து தடவை போன பிறகும் போகத் தோன்றுகிறதா பார். இங்கே வந்தால் அலுத்துப்போய் வராதே, ஆசைப்பட்டு வா. அறை எப்போதும் உன்னுடையதுதான், நீலம் பிடிக்கவில்லை என்றால் அப்பாவிடம் நீயே சொல்.

நீ எடுக்கிற முடிவில் உன் மனசு நிம்மதியாக இருக்கட்டும், உன் கைக்குப் பிடித்த வேலை அமையட்டும். மறக்காமல் கண்ணை ஒரு தடவை பரிசோதித்துக்கொள், பவர் மாறியிருக்கும்.

என்றும் உன் நினைவாக,
சித்தி

பின்குறிப்பு: இதைத் தபாலில் போடுவதற்குள் நீ கூப்பிட்டாய். என்னிடம் கேட்பதற்கு முன்னாலிருந்தே, இரண்டு வாரமாக லீவு நாளில் அந்தக் கூடத்துக்குப் போய்க்கொண்டிருந்தாய் என்றும், நேற்று வேலையை ராஜினாமா செய்துவிட்டுப் படிப்பில் சேர்ந்துவிட்டாய் என்றும் சொன்னாய். முதல் வருஷம் ஊருக்கு வர லீவு கிடையாது என்றாய். நல்லது பாப்பா என்றேன். அப்பா மிச்சப் பெயின்ட்டை மூடிப் படிக்கட்டுக்கு அடியில் வைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.