பெல்லா பாறையில் நீ போட்டிருந்த டீ-ஷர்ட்

என் தங்கச்சியைக் கட்டுவதற்கு முன்னாலேயே எனக்கு மாப்பிள்ளையாகிவிட்ட மாரிமுத்துவுக்கு,

நீ போய் மூன்று வருஷம் ஆகிறது. ஒரு செய்தி சொல்ல வேண்டியிருக்கிறது. நம்ம டைவிங் கம்பெனி மேனேஜர் புத்தகம் போட்டிருக்கிறான். சிரிக்காதே, நிஜம்தான். எமிரேட்ஸ் கடலில் டைவிங் போக வேண்டிய இடங்களாம். வழுவழு தாள், பக்கத்துக்குப் பக்கம் கலர் படம். முன்னட்டையில் கடல், பின்னட்டையில் அவன் மூஞ்சி. 'துணிச்சலான கடல் ஆய்வாளர்' என்று கீழே போட்டிருக்கிறது. படகு கிளம்பிப் பத்து நிமிஷத்தில் வாந்தி எடுக்கிறவன்.

எனக்கும் ஒரு பிரதி கொடுத்தான். "கருப்பையா பாய், வீட்டுக்கு எடுத்துப் போ, ஃபேமிலிக்குக் காட்டு" என்றான். காட்டத்தான் போகிறேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

துபாய்ப் பக்கம் நல்ல பாறை கிடையாது என்று பழைய கப்பல்களை வேண்டுமென்றே முக்கி வைத்திருக்கிறார்கள், உனக்குத் தெரியும். அதற்குப் புத்தகத்தில் 'ஆழ்கடல் மர்மம்' என்று தலைப்பு. என்ன மர்மம்? முக்கினது யார், எதற்கு என்று ஊருக்கே தெரியும். கோர்பக்கான் பக்கம் கடலில் தள்ளின பழைய கார்களுக்கு இரண்டு பக்கம் வர்ணனை. ஷார்ஜா தொழில்பேட்டையில் நாம் கேரேஜ் வேலை பார்த்தபோது ரூம் வாசலிலேயே அப்படி நாற்பது கார் துருப்பிடித்துக் கிடந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போவோம். ஒருத்தனும் கேமராவோடு வந்து பார்க்கவில்லை.

நம்ம கஸ்டமர்கள் மட்டும் என்ன வாழ்ந்தது. படகில் ஏறவே இரண்டு பேர் கை கொடுக்க வேண்டும். அரை மணி நேரம் தண்ணீருக்குள் கிடந்துவிட்டு, உலகத்தைக் கண்டுபிடித்த மாதிரி மேலே வருவான். என்ன பார்த்தாய் என்றால், 'ப்ளூ மீன், யெல்லோ மீன்' என்பான். நீ என் காதுக்குள், "மச்சான், இவங்க ஊர்ல மீனுக்குப் பேரே வைக்க மாட்டாய்ங்களா?" என்று கேட்பாய். நான் சிலிண்டரைத் தூக்கி அடுக்குகிற சாக்கில் குனிந்து சிரிப்பேன்.

போன வருஷம் இங்கே நம்ம கரையில் பாசி பெருகிக் கடலே செம்பழுப்பாக மாறிவிட்டது மாப்ள. மாதக்கணக்கில் அப்படியே நின்றது. மீன் செத்துக் கரையில் ஒதுங்கியது. டிப்பா பக்கம் பவளமெல்லாம் வெளுத்துப் போய்க் கிடக்கிறது. ஆனால் புத்தகத்தில் எல்லாம் பழைய படம், எல்லாம் சொர்க்கம். கடல் செத்ததுகூட இவன் கண்ணுக்குத் தெரியவில்லை. நீ செத்ததா தெரியப் போகிறது?

முப்பத்தோராம் பக்கத்துக்கு வருகிறேன். 'பெல்லா பாறை. இந்நூலாசிரியர் கண்டுபிடித்தது.' பெல்லா யாரென்று மறந்திருக்க மாட்டாய். அவனுடைய நாய்.

அந்தப் பாறையைக் கண்டுபிடித்தது யார் என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும். ராமநாதபுரத்துக் கரையில் நம் ஆட்கள் கரை அடையாளம் வைத்துப் பார், அதாவது கடலடிப் பாறை, பார்க்கிற வழியில்தான் நீ பார்த்தாய். ஒரு பக்கம் பள்ளிவாசல் மினாரா மலைப் பிளவுக்கு நேராக நிற்க வேண்டும். இன்னொரு பக்கம் ஆலைப் புகைபோக்கி தண்ணீர்த் தொட்டியை மறைக்க வேண்டும். இரண்டும் கூடுகிற இடத்தில், "போடு மச்சான் நங்கூரத்தை" என்பாய். ஒரு தடவையும் தப்பியதில்லை. நீ நங்கூரம் போட்ட பிறகு இவன் ஜி.பி.எஸ். மெஷினைத் தட்டி நம்பர் குறித்துக்கொண்டான். கண்டுபிடிப்பு முடிந்தது.

நீ போன அந்த வெள்ளிக்கிழமையைப் பற்றி எழுதத்தான் இத்தனை சுற்று. காலையில் கம்பெனிப் பெயர் போட்ட புது டீ-ஷர்ட் கொடுத்தார்கள். ஆரஞ்சு நிறம். "கோயில் யானைக்கு முகபடாம் கட்டின மாதிரி இருக்குடா" என்றேன். அப்போதே போட்டுக்கொண்டாய். கிளம்புகிற நேரத்தில், நீந்தக் காலில் மாட்டுகிற இளஞ்சிவப்புத் துடுப்புச் செருப்போடு ஒருத்தி கூடுதலாக வந்து சேர்ந்தாள். படகில் எப்போதும் ஒரு சிலிண்டர் மீதம் வைக்க வேண்டும் என்பது சட்டம். "அதை அவளுக்குக் கொடு" என்றான் மேனேஜர். நான் கொடுத்தேன். அவள் முதுகில் மாட்டிவிட்டதும் நான்தான்.

இரண்டாவது டைவ் முடிந்து எல்லோரும் மேலே வந்தபோது நீரோட்டம் ஏறிவிட்டது, நங்கூரம் பாறையில் மாட்டிக்கொண்டது. கயிற்றை அறுத்துவிடலாம் என்றாய். புது நங்கூரம், அறுக்க அவனுக்கு மனசு வரவில்லை. "மாரி, யல்லா, ஜல்தி. கீழே போய் எடு" என்றான். காற்றுள்ள சிலிண்டர் ஒன்றுகூட இல்லை. நீ என்னைப் பார்த்து, "ஏழு பாகம் ஆழம்தானே மச்சான், மூச்சுப் பிடிச்சா போதும்" என்று சொல்லிவிட்டு, புது டீ-ஷர்ட்டைக் கழற்றி மடித்து என் கையில் கொடுத்துக் குதித்தாய்.

நங்கூரம் விடுபட்டது. கயிறு என் கைக்கு இலகுவாக வந்தது. நீ வரவில்லை. பக்கத்துப் படகுக்காரர்கள் சிலிண்டரோடு வந்து உன்னைத் தூக்கும்வரை நம் படகில் இருந்தவர்கள் கரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

மறுநாள் ஆபீசில் ஒரு காகிதம் நீட்டினான். அன்று உனக்கு லீவு; நீயாகவே கரையிலிருந்து குளிக்கப் போனாய்; கம்பெனிக்குச் சம்பந்தம் இல்லை. சாட்சியாக நான் கையெழுத்துப் போட வேண்டும். "போடலன்னா வீசா கேன்சல், கலாஸ்" என்றான். போட்டேன் மாப்ள. அவனைத் துப்ப எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? அடுத்த வாரமே உன் இடத்தில் உட்கார்ந்து படகு ஓட்டினேன். மினாராவும் பிளவும் நேராக வரும்போதெல்லாம் அதே இடத்தில்தான் நங்கூரம் போட்டேன்.

தங்கச்சி செல்விக்கும் அதே பொய்யைத்தான் போனில் சொன்னேன். முதலில் அவள் அழவில்லை. "லீவு நாள்லகூடவா அவருக்குக் கடல்ல குதிக்கணும்? எங்க நெனப்பே வரலையாண்ணே?" என்று கேட்டாள். இன்றுவரை அந்தக் கோபம் அவளுக்கு ஆறவில்லை. உன் படத்துக்குப் பூ வைப்பதில்லை. திதி அன்றைக்குக்கூட எங்கம்மாதான் வைக்கிறாள். உன் மகள் கேட்டால், "ஒங்கப்பன் வெளையாடப் போயி செத்தான்" என்கிறாள். மூன்று வருஷமாக உன்மேல் விழுகிற ஏச்சு எனக்கு உரியது. லீவில் ஊருக்குப் போனபோதெல்லாம் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன், தூ.

முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு படம் இருக்கிறது. படகு, பின்னால் நம்ம மலை. முன்னால் மேனேஜர் இடுப்பில் கை வைத்து நிற்கிறான். பக்கத்தில் இளஞ்சிவப்புச் செருப்புக்காரி. அவள் நம் படகில் ஏறியது வாழ்க்கையில் அந்த ஒரு நாள்தான். அவர்களுக்குப் பின்னால் நங்கூரக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு, ஆரஞ்சு டீ-ஷர்ட்டில் நீ. கம்பெனிப் பெயர் பளிச்சென்று தெரிகிறது. அந்தச் சட்டையை நீ போட்டதும் ஒரு நாள்தான்.

தன் தொந்தியை உள்ளிழுத்துக்கொண்டு நிற்கிற படம் கிடைத்த சந்தோஷத்தில், நீ டியூட்டியில் இருந்ததற்கான சாட்சியை அவனே அச்சடித்து ஊரெல்லாம் விற்கிறான். உன்னை அவன் கவனிக்கவே இல்லை. படத்தில் நீ அவனுக்குக் கயிறு, பலகை மாதிரி ஒரு சாமான்.

நான் வேலையை விடுகிறதாக எழுதிக் கொடுத்துவிட்டேன். சனிக்கிழமை டிக்கெட். லேபர் ஆபீசில் அந்தப் பக்கத்தின் நகலையும், நான் கையெழுத்துப் போட்டது பொய் என்ற வாக்குமூலத்தையும் கொடுத்தாகிவிட்டது. அவர்கள் என்ன செய்வார்களோ, தெரியாது. இந்தக் கடிதத்தைத் தமிழ்ச் சங்க மலருக்கும் அனுப்புகிறேன். நாளைக்கு நானே மனசு மாறிப் பின்வாங்க முடியாதபடி நாலு பேர் படிக்கட்டும்.

புத்தகத்தையும் அந்த டீ-ஷர்ட்டையும் செல்வி முன்னால் வைப்பேன். நீ மடித்துக் கொடுத்த மடிப்பு இன்னும் கலையவில்லை. நடந்ததை ஒன்று விடாமல் சொல்வேன். செருப்பால் அடித்தால் வாங்கிக்கொள்வேன். உன் படத்துக்கு அவள் தன் கையால் பூ வைக்கிற வரைக்கும் அந்த வீட்டில் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்க மாட்டேன் மாப்ள. இது சத்தியம்.

செல்விக்கு அண்ணன், உனக்கு மச்சான்,
கருப்பையா