டயாலிசிஸுக்கு மறுநாள் காலை

அன்பு மகனுக்கு, நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். இங்கே நானும் உன் அம்மாவும் இருக்கிற அளவில் சுகம், நீயும் சுகமாக இருக்க வேண்டும். அதைச் சொல்லிவிட்டே விஷயத்துக்கு வருகிறேன். உன் அம்மாவுக்குப் புத்தி தடுமாறிவிட்டது, அவளுடைய தையல் கடையை மூடிவிடலாம் என்று நீயும் பெரியப்பாவும் போனிலேயே முடிவுகட்டிவிட்டீர்கள். என் அண்ணன் எந்தக் காலத்தில் என்னைக் கேட்டு முடிவெடுத்தார், இன்று கேட்க? நீயும் கேட்கவில்லை என்பதுதான் உறுத்துகிறது. நீங்கள் ஆதாரமாகச் சொல்லும் அந்த ஞாபகப் பரிசோதனை எப்போது நடந்தது தெரியுமா? நாலு மணி நேர டயாலிசிஸ் முடிந்து, ஊசி எடுத்த இடத்தில் பஞ்சை அழுத்திக்கொண்டு, தலை சுற்றுகிறது என்று அவள் கண்ணை மூடியிருந்தபோது. நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழிக்கச் சொன்னார்கள், எண்பத்தாறில் நின்றுவிட்டாள். பெரியப்பா உச்சுக்கொட்டினார். பக்கத்தில் நின்ற நானும் இப்போது வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை, அந்தத் தப்பு என்னுடையது.

நேற்று, டயாலிசிஸ் இல்லாத நாள், காலையிலேயே அவள் டாக்டரிடம் போய் இன்னொரு தடவை கேளுங்க என்றாள். கணக்கு தடங்கலில்லாமல் வந்தது. நினைவில் வைக்கச் சொன்ன ஐந்து சொற்களில் ஒன்று மட்டும் நழுவியது. சிறுநீரகம் இந்த அளவுக்குக் கெட்டால் யோசனை மெதுவாகும், டயாலிசிஸ் முடிந்த கையோடு இன்னும் மந்தமாக இருக்கும், அந்த நேரத்தில் சோதித்திருக்கக் கூடாது என்றார் டாக்டர். மறதியே இல்லை என்று நான் சொல்லவரவில்லை, அடுப்பை அணைக்க மறக்கிறாள். ஆனால் டாக்டர் சொன்னதை அவள் எப்போதோ கண்டுபிடித்துவிட்டாள். ஒரு வருஷமாக டயாலிசிஸ் நாளில் கத்தரிக்கோலைத் தொடுவதில்லை, பட்டன் தைப்பதோடு சரி. வெட்டுவதெல்லாம் மறுநாள் காலை; இரண்டு தடவை அளந்து, அளவைத் துணியிலேயே சாக்பீஸால் எழுதி, பிறகுதான் வெட்டு. ஒரு துணிகூட வீணாகவில்லை. இத்தனை படித்த நான் ஒரே வீட்டில் இருந்தும் இதைக் கவனிக்கவில்லை. எது மறந்தாலும் உங்க அண்ணன் இடுப்பளவு மட்டும் மறக்கமாட்டேங்குது, டேப்பே பத்தலையே என்று டாக்டர் முன்னாலேயே என்னிடம் சொன்னாள். வருஷக்கணக்கில் ஆறாத என் மனதுகூடக் கொஞ்சம் ஆறியது.

ஆகவே கடை திறந்தே இருக்கும். மூடுவதென்றால் அவள் சொல்லட்டும். அவளோடு பேசுவதானால் டயாலிசிஸ் இல்லாத நாள் காலையில் பேசு, பதிலுக்கு அவசரப்படுத்தாதே. நீ தண்ணீர் ஒழுங்காகக் குடி, வேளைக்குச் சாப்பிடு. நோய்நொடி இல்லாமல் நெடுநாள் நன்றாக இரு. அவன் மனசு கஷ்டப்படும், இதையெல்லாம் எழுதாதீங்க என்று உன் அம்மா என்னிடம் சொல்லிவைத்திருக்கிறாள். அவள் பேச்சை நான் தட்டியதாக இருக்க வேண்டாம். அதனால் கையெழுத்துப் போடாமலே தபாலில் சேர்க்கிறேன்.