அது ஆலோசிக்கு

ஏட்டி, சோப்பு போட்டு எத்தனை தேய்த்தும் விரல் நுனியில் பர்மாங்கனேட் கறை பழுப்பாகவே நிற்கிறது. எலுமிச்சம்பழம் தேய்த்தால் போய்விடும், வேதியியல் டீச்சருக்கு அது தெரியாதா? இன்றைக்கு மட்டும் இருந்துவிட்டுப் போகட்டும்.

நாகர்கோவிலில் ஒரே மேசையின் இரண்டு பக்கமும் இருந்து பாடம் எடுத்தவர்கள் நாம். பர்மாங்கனேட் மேல் கிளிசரின் விட்டுத் தீ வரவைக்கிற உன் வித்தையைப் பார்த்து, "சமன்பாட்ட எழுதிப் போட்டா போராதா? இந்தக் கூத்து என்னத்துக்கு?" என்பேன். "எழுதிப் போட்டா பரீட்சை வரைக்கும் நிக்கும். இது கடைசி வரைக்கும் நிக்கும்" என்பாய், வாயாடி.

ஆனால் வித்தையைவிட உனக்குப் பெரிது, மேசையைச் சுற்றி நீ போடும் சாக்பீஸ் கோடு. உங்கள் ஊர்க் கோயில் திருவிழாவில், இரும்புக் குழாயில் மருந்து அடைத்த கதினா வெடி வெடிக்கவில்லை என்று குனிந்து பார்த்த உன் சித்தப்பாவுக்கு ஒரு கண் போனதே, அதிலிருந்து வந்த கோடு. கிளிசரின் விட்டதும் உடனே தீ வராது. "ஒண்ணும் நடக்கல டீச்சர்" என்று பிள்ளைகள் கழுத்தை நீட்டும்போது சொல்வாய்: "அது உறங்கல மக்கா, ஆலோசிக்கு. எட்டிப் பாத்தா ஒனக்க மூஞ்சில பதில் சொல்லும்."

ஆஸ்பத்திரியில் நீ அசையாமல் கிடந்தபோது, உறங்கவில்லை, ஆலோசிக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே உன் பக்கத்தில் இருந்தேன். நீ கண் திறக்கவே இல்லை. அந்தக் கோபம் எனக்கு உன்மேல் இன்னும் இருக்கிறது.

புதிதாக வந்த ஹெச்.எம். எங்கோ லேபில் தீப்பிடித்த வீடியோவைப் பார்த்துவிட்டு, "இதெல்லாம் இனி ஸ்மார்ட் போர்டுல காட்டினா போதும் டீச்சர்" என்றார். ஒரு தடவை நேரில் பாருங்கள், பிறகு நிறுத்துங்கள் என்றேன். இன்றைக்கு வந்தார். ஜன்னல் திறந்து, மணல் வாளி வைத்து, பிள்ளைகளுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி மாட்டி, கோடு போட்டேன். அவர் கண்ணாடி வேண்டாம் என்றார்.

காலையிலிருந்து சாரல், நல்ல குளிர். கிளிசரின் விட்டேன். புகைகூட வரவில்லை. "இவ்வளவுதானா?" என்று சிரித்தபடி அவர் கோட்டைத் தாண்டிக் குனியப் போனார். நான் வாய் திறப்பதற்குள் வகுப்பே ஒரே குரலில் கத்தியது: "சார், தள்ளி நில்லுங்க! அது ஆலோசிக்கு!"

திடுக்கிட்டுப் பின்னால் நகர்ந்தார். நகரவும், குப்பென்று ஊதாத் தீ அவர் முகம் இருந்த உயரத்துக்கு எழுந்தது.

மனுஷன் கோட்டுக்கு வெளியே போய் நின்றுகொண்டார். பிறகு, "வீடியோ மட்டும் பார்த்திருந்தா இதுங்களுக்கு என்னைத் தள்ளி நிக்கச் சொல்லத் தெரிஞ்சிருக்காது, இல்லியா டீச்சர்?" என்றார். அதைத்தானே நானும் சொல்ல நினைத்தேன். "அடுத்தது எப்போ? எனக்கும் ஒரு கண்ணாடி எடுத்து வையுங்க" என்று கேட்டார்.

இந்தப் பிள்ளைகளில் ஒருத்திகூட உன்னைப் பார்த்ததில்லை ஏட்டி. உனக்க கோட்டையும் உனக்க வார்த்தையையும் நான்தான் வருஷாவருஷம் சுமந்து போய்க் கொடுக்கிறேன், இனியும் கொடுப்பேன். சாயங்காலம் ஹெச்.எம். குடையை விரித்துக்கொண்டு, இரண்டு கண்ணோடும் பஸ் ஏறிப் போனார்.