கொற்றி தனக்குத்தானே போட்ட விதிகள்

நலம் ஓங்குக. மேகம் மேயும் மலைகளை எல்லையாகவும் மிளகு மணக்கும் சரிவுகளை முற்றமாகவும் உடைய மஞ்சேறு நாட்டின் மூதமைச்சரும், கணவாய்கள் அனைத்துக்கும் திறவுகோல் போன்றவரும், இருங்குன்ற வேளின் வலக்கையுமான திருப்பொறையனார் எழுந்தருளியிருக்கும் கீழ்க்கரைப் பாசறைக்கு, தலைநகர்த் தென்வாயில் மன்றின் நடுவன் பெருங்கோடன் தலை தாழ்த்தி விடுக்கும் ஓலை. அங்கே மழை அளவோடு பெய்க. குதிரைகளைக் குளம்பு நோய் அணுகாதிருக்க. தங்கள் உடன்படிக்கைப் பேச்சு கைகூடுக. இங்கே வேந்தர் நலம், மதில் நலம், வாயில் நலம்.

கல் சுமந்த கை தலை நரைத்த பின் எழுத்தாணி பிடித்ததாகையால், நடையில் பிழை கண்டால் பொறுத்தருள்க. துகிற்சாலையில் வைக்கப்பட்ட கொற்றி என்பவள் வேந்தருக்குரிய போர்வையை ஏன் முடிக்கவில்லை என்றும், வேந்தரின் உறக்கத்தை மருத்துவரன்றி எவரும் காணலாகாது என்ற பழைய ஆணையும், உறக்கத்தைக் கண்ட பிறகே தைக்க வேண்டும் என்ற புதிய ஆணையும் முட்டிக்கொள்ளும் இடத்தில் எது தாழும் என்றும் ஆராய்ந்து எழுதுமாறு தாங்கள் பணித்தீர்கள். ஆராய்ந்தாயிற்று. மன்றில் நின்றவர் பேச்சைத் திருத்தாமல் எழுதுவது இவ்வாயிலின் வழக்கம். செவிக்குக் கரடாக இருந்தால் அது அவரவர் வாயின் குற்றம்.

கொற்றி குளிர்க்காவூர் மிளகுக் களத்தில் கூலிக்கு மிளகு துழாவுகிறவள். கணவன் பெயர் அந்துவன். அவனும் அதே களத்தில் மூட்டை தூக்குகிறவன். மலைக்குளிருக்கு ஏழை வீடுகளில் பழந்துணிகளை ஒன்றோடொன்று ஒட்டித் தைத்துப் போர்த்திக்கொள்வது உண்டு. மற்றவர்கள் குளிர் தாங்காமல் தைத்தார்கள். கொற்றியோ ஆசைக்குத் தைத்தாள். களத்து வேலையில் ஆயிரம் பேர் அவளை ஏவினார்கள், அப்படித் துழாவு, இப்படிக் குவி என்று. ஊசியைக் கையில் எடுத்தால் மட்டும் அவளை ஏவ ஆள் இல்லை. ஆள் இல்லாத இடத்தில் கொஞ்சம் தடுமாறினாள் போலும். தன்னைத்தானே ஏவிக்கொள்ளச் சில விதிகளைப் போட்டுக்கொண்டாள். யாராவது உடுத்தித் தேய்ந்த துணியைத்தான் சேர்க்க வேண்டும், புதுத்துணியில் கத்தரி படக்கூடாது. தைத்ததைப் பிரிக்கக்கூடாது. கோபத்தோடு ஊசி எடுக்கக்கூடாது. ஒன்றை முடிக்காமல் இன்னொன்றைத் தொடங்கக்கூடாது. யாருக்குத் தைக்கிறாளோ அவர் தூங்குவதை ஒரு தரமாவது பார்த்திருக்க வேண்டும். எவரும் கேட்டுப் போட்டவை அல்ல. சிறுபிள்ளை கோடு கிழித்துக் கால்படாமல் தாண்டி விளையாடுவதைப் போன்றவை.

அந்த விதிகளை அவள் எப்படிக் காத்தாள் என்பதை மன்றில் கேட்டபோது அவள் சொன்னது இது: “காத்தேன் ஐயா. முடிஞ்சப்பெல்லாம் காத்தேன். ஒரு தடவ செவப்பு வேணும்னு மனசு கெடந்து அடிச்சிக்கிச்சு. ஊரு பூரா தேடியும் பழசுல நல்ல செவப்பு கெடக்கல. திருவிழாவுக்கு வாங்கின என் புதுப்புடவையவே வெட்டிப்புட்டேன். அந்த மனுசன் ஒரு வாரம் பேசல. அவரு பேசலயேன்னு வந்த கோவத்துலதான் பாதியத் தச்சேன். கோவம் வராத நாளாப் பாத்து ஊசி எடுக்கணும்னா நான் எந்த நாள்ல எடுக்கிறது? வீட்டுல இப்பவும் பாதி தச்சது மூணு கெடக்குது.”

அப்படியானால் எதற்கு விதி என்று கேட்கப்பட்டது. “இருந்தாத்தானே ஐயா மீற முடியும்” என்று சொல்லிவிட்டு, அவையோர் சிரித்ததைக் கண்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

இனி, இவள் அரண்மனைக்கு வந்த வகை. தாங்கள் அறிந்ததே ஆயினும் வழக்கை முதலிலிருந்து எழுதுவதே முறை. வேட்டைக்கு எழுந்தருளிய வேந்தர் மழையில் நனைந்து குளிர்க்காவூர்க் களத்தில் ஒதுங்கியபோது, நடுங்கும் திருமேனியின் மேல் யாரோ கொற்றியின் போர்வையை இழுத்துப் போட்டார்கள். பல காலமாகக் கண் மூடாத வேந்தர் மிளகு மூட்டைகளுக்கு நடுவே பொழுது சாயும்வரை உறங்கினார்; பழைய ஆணைப்படி காவலர் களத்தாரையெல்லாம் வெளியே அனுப்பியிருந்ததால் கொற்றி அதைக் காணவில்லை. போர்வை அரண்மனைக்கு வந்தது. அரண்மனை வண்ணார்கள் அதை அரச உடைமைக்குரிய முறைப்படி உவர்மண் இட்டு, வெள்ளாவி வைத்து, கல்லில் அடித்து வெளுத்ததில், நூல் வேறு துணி வேறாகக் கையில் வந்தது. வேந்தருக்கு மறுபடி உறக்கம் போயிற்று. தூதர் வெண்கூற்றனார் குளிர்க்காவூருக்கு விரைந்தார்.

போர்வையை எந்த முறையில் தைக்கிறாய் என்று தூதர் கேட்டார். இத்தனை வயதில் அவளிடம் அதை ஒருவர் கேட்பது அதுவே முதல் தரம். பூரித்துப்போனாள். விதிகளை விரல் மடக்கி ஒவ்வொன்றாகச் சொன்னாள்; பெரிய மனிதரிடம் தன் வீட்டு அலங்கோலத்தை யார்தான் சொல்வார்கள்? தூதர் அவ்வளவையும் ஓலையில் ஏற்றினார். வேந்தருக்குரிய போர்வை இவ்விதிகளின்படியே தைக்கப்படுக, ஒன்று பிழைப்பினும் பிழைத்தவள் ஊசி பறிக்கப்பட்டு நகர்வாயிலுக்கு அப்பால் தள்ளப்படுக, முடியும்வரை துகிற்சாலையை விட்டு அகலாதிருக்க என்று வேந்தர் முத்திரையும் விழுந்தது. முத்திரை விழுந்த ஆணையை அடுத்த முடிசூட்டு நாள் விழாவரை வேந்தரே மாற்றலாகாது என்பது தாங்கள் அறிந்தது.

அன்று தொடங்கிற்று கொற்றியின் சிறை. துகிற்சாலை என்பது சுவரெங்கும் பட்டு அடுக்கிய கூடம். சன்னல்கள் உயரத்தில் இருப்பதால் உள்ளே இருப்பவருக்கு வானம் மட்டும் தெரியும், மலை தெரியாது. தேய்ந்த துணி வேண்டும் என்றாள். அரண்மனையில் தேய்ந்த துணி ஏது? ஆணைக்குக் குறை வரக்கூடாதென்று, பணிப்பெண்களுக்குப் புதுப்பட்டு உடுத்தி, தூண்களில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கும்படி ஏவினார்கள். பெண்கள் தினவெடுத்த மாடுகளைப் போலத் தூணுக்குத் தூண் உராய்ந்துகொண்டு நின்றதைக் கண்டு கொற்றி முதல் நாள் சிரித்தாள், பிறகு சிரிக்கவில்லை.

கோபத்தோடு தைக்கலாகாது என்ற விதியைக் காக்க, மருதாள் என்னும் கண்காணி எதிரே அமர்த்தப்பட்டாள். கொற்றியின் நெற்றி சுருங்கினால் ஊசியை வாங்கி வைத்துக்கொள்வது அவள் வேலை. “இது கோவமா, இல்ல உன் மூஞ்சியே இப்படித்தானா?” என்று மருதாள் கேட்பாளாம். “உன்னப் பாத்தா வர்ற மூஞ்சி இது. பொறந்தப்போ இப்படி இல்ல” என்பாளாம் கொற்றி. ஊசி போய்விடும். உறக்கம் காணும்வரை ஓரம் மடித்துத் தைத்து வைத்த துண்டுகளில் ஒரு தையல் கோணினாலும் பிரிக்கக்கூடாதாகையால் அந்தத் துண்டையே விலக்கினார்கள். விலக்கிய பட்டு ஒரு மூலையில் ஆளுயரம் குவிந்தது. வீட்டில் என்றால் கோணல் தையலைப் பல்லால் கடித்துப் பிரித்துவிட்டு, யாரும் பார்க்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். இங்கே எல்லோரும் பார்த்தார்கள்.

உறக்கம் காணும் விதிதான் கழுத்தை இறுக்கியது. பழைய ஆணை தடுக்கிறதென்று அவையோர் பேசிக்கொண்டிருக்கையில், வேந்தரே பொறுக்காமல், உச்சிப்பொழுது இளைப்பாறும்போது திரைக்கு இப்பால் அவள் உட்காரட்டும், திரை மெல்லியதாக இருக்கட்டும், கண்டதாகவும் ஆகும், காணாததாகவும் ஆகும் என்று அருளினார். கொற்றி உட்கார்ந்தாள். வேந்தர் சாய்ந்தார். சற்று நேரம் கழித்து ஒரு கண்ணைத் திறந்து, பார்த்தாயிற்றா என்று கேட்டருளினார்.

“இன்னும் தூங்கலீங்களே ராசா” என்றாள்.

மறுநாளும் அவ்வாறே. அதற்கடுத்த நாட்களிலும் அவ்வாறே. தன்னை ஒருத்தி பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்ற நினைவே வேந்தருக்கு வரவிருந்த சிறு கண்ணயர்வையும் விரட்டியது. அவர் உறங்காமல் அவள் துண்டுகளை ஒட்டித் தைக்க முடியாது. அவள் தைக்காமல் அவர் உறங்க முடியாது. ஒரு நாள் வேந்தர் எழுந்து உட்கார்ந்து, இந்த விதியை உன்னை யார் போடச் சொன்னது, நீ போட்டதை நீயே எடுத்துவிடு என்று சற்றுச் சினந்து கூறினார்.

“நான் போட்டப்போ அது என்னுதுங்க ராசா. எடுத்திருப்பேன். இப்போ உங்க முத்திரையில்ல அதுமேல குந்திக்கிட்டிருக்குது” என்றாள் கொற்றி.

வேந்தர் மறுபடி சாய்ந்தார். ராசாவைப் பார்க்கப் பாவமாக இருந்தது என்று கொற்றி மன்றில் சொன்னாள். அவருக்கும் சன்னல் உயரத்தில்தான் இருந்ததாம்.

இதற்கிடையில் அந்துவன் தென்வாயிலுக்கு வந்தான். அவர்கள் மகள் நப்பூதிக்குப் பேறுகாலம் நெருங்கிவிட்டது. தலைப்பிரசவம், வீட்டில் வேறு பெண் துணை இல்லை. காவலர் மறித்ததும் அவன் மதிலைப் பார்த்துக் கத்திய கத்தல் சந்தை வரை கேட்டது. “ஏ புள்ள கொற்றி! புள்ளைக்கு இடுப்புல நோவு விட்டு விட்டு வருதாம். ஆத்தாவக் கூட்டியான்னு அழுவுறா. நீ இங்க ராசாவுக்குத் தாலாட்டுப் பாடிக்கிட்டு உக்காந்திருக்கியா? இல்ல பட்ட பாத்ததும் எங்கள மறந்தே போயிட்டியா?” சன்னல் உயரமாயினும் குரல் ஏறிற்று. கொற்றி எழுந்து கதவுவரை ஓடினாள். கதவு திறக்கவில்லை. “சத்தம் போடாதய்யா, வர்றேன்னு சொல்லு, வர்றேன்!” என்று இவள் உள்ளிருந்து கத்தினாள். அது வாயில்வரை எட்டவில்லை. வெளியில் அவன் இன்னும் இரண்டு வசை வைதுவிட்டு உட்கார்ந்து அழுதான். அதைக் காவலரோடு இவ்வோலை எழுதுபவனும் கண்டான்.

கொற்றி திரும்பி வந்து உட்கார்ந்தாள். முகம் எப்படி இருந்தது என்று கேட்டதற்கு, இத்தனை நாள் பார்த்ததெல்லாம் கோபமே இல்லை, அன்றுதான் கோபத்தைப் பார்த்தேன் என்று மருதாள் மன்றில் சான்று சொல்லியிருக்கிறாள். ஊசியை வாங்கக் கை நீட்டியவள் கையை மடக்கிக்கொண்டாளாம். கொற்றி சுவரடுக்கிலிருந்து மடிப்புக் கலையாத புதுப்பட்டை உருவினாள், கத்தரியை வைத்தாள். மூலையில் குவிந்த கோணல் துண்டுகளை இழுத்துப் போட்டு, தையலைப் பல்லால் கடித்துப் பிரித்தாள். வேந்தருக்கு ஒன்றைத் தொடங்கி, அது பாதியில் இருக்கையிலேயே, மகளின் பிள்ளைக்கென்று முழ நீளத்தில் சிறிதாக இன்னொன்றையும் தொடங்கினாள். பிறக்காத பிள்ளை தூங்குவதை யார் பார்த்தது? மருதாள் இது ஒன்று, இது இரண்டு என்று விதி மீறலை உரக்க எண்ணத் தொடங்கி, பாதியில் எண்ணிக்கையை விட்டுவிட்டு, ஊசியில் நூல் கோத்துக் கொடுத்தாளாம். ஏன் கொடுத்தாய் என்று கேட்டதற்கு, “நாலு தரம் கோத்துப் பாத்தா ஐயா, நூல் ஏறல” என்றாள். அவள் மேல் குற்றமில்லை என்பது மன்றின் துணிபு.

விடிவதற்குள் போர்வை இரண்டும் முடிந்ததும் கொற்றி தானே எழுந்து, தன்னைத் தென்வாயில் மன்றுக்குக் கொண்டுபோகும்படி கேட்டாள். விதி பிழைத்தாயா என்று கேட்கப்பட்டது. “எல்லாத்தையும் பிழைச்சேன். ஒண்ணு விடாம எழுதிக்குங்க. சீக்கிரம் எழுதிக்குங்க ஐயா, பொழுது போகுது” என்றாள். தண்டனை இன்னதென்று தெரியுமா என்று கேட்கப்பட்டது. வாயிலுக்கு அப்பால் தள்ளுவது தெரியும் என்றாள். ஊசி பறிப்பதும் அதில் உண்டு என்று படித்துக் காட்டியபோதுதான் அவள் முகம் விழுந்தது. இடுப்பில் செருகியிருந்த ஊசியைக் கையால் பொத்திக்கொண்டாள். அரண்மனை ஊசி அல்ல. வரும்போது கொண்டுவந்தது, காது சற்று வளைந்தது. “வேற எதையாச்சும் எடுத்துக்குங்களேன். கூலிய எடுத்துக்குங்க” என்றாள். கூலி என்று ஆணையில் இல்லை. வெளியில் அந்துவன் குரல் கேட்டது. ஊசியை உருவி மன்றின் பலகைமேல் வைத்துவிட்டு, அதைத் திரும்பிப் பாராமல் இருக்கச் சுவர்ப்பக்கம் திரும்பி நின்றாள்.

ஆகவே, தாங்கள் கேட்ட வினாவுக்கு மன்றின் துணிபு: பழைய ஆணையும் புதிய ஆணையும் ஒன்றுக்கொன்று தாழ வேண்டியதில்லை, பிழை ஆணை எழுதிய இடத்தில் இருக்கிறது. விதிகள் எவை என்று கேட்ட தூதர், அவற்றை எப்போதெல்லாம் மீறினாய் என்று கேட்கவில்லை. பாதியை மட்டும் எழுதி முத்திரை வைத்ததில், விளையாட்டுக்குக் கிழித்த கோடு மதிலாகிவிட்டது; உள்ளே வேந்தரும் அகப்பட்டார், மிளகு துழாவுகிறவளும் அகப்பட்டாள். ஆயினும் முத்திரை முத்திரையே. ஆணையில் கண்டபடி கொற்றியின் ஊசி பறிக்கப்பட்டு, அவள் தென்வாயிலுக்கு அப்பால் தள்ளப்பட்டாள். தள்ளுவதற்கு ஆள் தேவைப்படவில்லை. பிள்ளைக்குரிய சிறு போர்வை வேந்தருக்குரியதன்று ஆகையால் இவ்வாணைக்குள் அடங்காது என்று கண்டு, அவளிடமே விடப்பட்டது.

பெரிய போர்வை வேந்தரின் திருமுன் வைக்கப்பட்டது. விதி பிழைத்த போர்வை என்று அறிந்தே வாங்கிக்கொண்டார். அதன்பின் உறங்கினாரா என்பது இவ்வோலை எழுதுபவனுக்குத் தெரியாது, தெரியவும் கூடாது.

பறித்த ஊசி நூலோடு இவ்வோலையில் செருகி அனுப்பப்படுகிறது, கருவூலத்தில் சேர்த்தருள்க. அவள் வீட்டில் வேறு ஊசி உண்டா என்று கேட்குமாறு ஆணையில் இல்லை, கேட்கப்படவில்லை. கேட்பதற்கென்று எவரேனும் குளிர்க்காவூர்ச் சாலையில் புறப்பட்டால், அவரைத் தென்வாயிலில் நிறுத்தி, எந்த ஓலையின் பேரில் செல்கிறார், அதில் எவர் முத்திரை இருக்கிறது என்று கேட்டு, ஐயம் தீரும்வரை உட்கார்த்தி வைக்கும்படி காவலருக்குக் கட்டளையிடப்பட்டது.

இது தென்வாயில் மன்றின் எழுத்து. மழை ஓய்ந்த நாளில், கதவு திறந்திருக்கையில், பெருங்கோடன் கைப்பட எழுதி, வாயில் முத்திரை இட்டது. காண்போர் அறிக, கேட்போர் அமைக.