பேர் சொல்லாத ஊரின் கடிகாரம்

என் அலிவேலு,

நியாயமாக உனக்குத் தெலுங்கில்தான் எழுத வேண்டும். தெலுங்குக்காரி நீ என்னிடம் தமிழில் பேசுவாய், தமிழச்சி நான் உன்னிடம் தெலுங்கில் பேசுவேன், அவரவர் தப்புக்கு அடுத்தவர் சிரிப்போம். இன்று சொல்ல வேண்டியதில் தப்பு வந்துவிடக் கூடாது. அதனால் தமிழ்.

நீ போன பிறகு ஆந்திராவுக்கும் தமிழ்நாட்டுக்கும் இடையே எல்லையைத் தீர்த்துவிட்டார்கள். திருத்தணி அந்தப் பக்கம் போயிற்று, என் அண்ணன் வீடும் அதோடு போயிற்று. திருப்பதியில் நானும் என் டீச்சர் வேலையும் இந்தப் பக்கம். போன மாதம் மார்க்கெட்டில் ஒருவர், "இன்னும் மெட்ராஸ் போகலியாம்மா நீங்க?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்றிலிருந்து அந்த ஊர்ப் பெயர் நாக்கு வரை வந்தாலும் விழுங்கிவிடுகிறேன்.

உன் வருஷ நினைவுக்கு உன் வீட்டில் எல்லோரும் கூடினோம். உன் மாணவிகள் வீணை வாசித்தார்கள். பாட்டு முடிந்ததும் ஏதாவது ஒரு விசித்திரம் சொல்வாயே, அந்த நேரம் வந்தது. உன் அம்மா என் பக்கம் திரும்பி, "அந்தக் கடியாரம் சங்கதி நீ சொல்லு சரோஜா" என்றார்.

எனக்கு உன் குரலிலேயே அது மனப்பாடம். அந்தக் காலத்தில் ஊருக்கு ஒரு நேரம். ரயிலுக்கு மட்டும் நாடு முழுக்க மெட்ராஸ் நேரம். மெட்ராஸில் நட்சத்திரம் பார்த்து நேரம் கணித்துத் தந்தியில் அனுப்புவார்கள். "பம்பாய்க்காரன் ஊர்க் கடியாரத்தப் பாத்துக்கினு ஆடி அசைஞ்சு வருவான், வண்டி போயி அரை மணி ஆயிருக்கும். கல்கத்தாக்காரன் அரை மணி முன்னாடியே வந்து குந்திக்கினு இருப்பான்" என்பாய். ஒரே தம்புராவுக்கு எல்லாரும் சுருதி சேர்த்த மாதிரி என்று வீணைத் தந்தியை ஒரு மீட்டு மீட்டுவாய்.

எதிரே எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மா உட்கார்ந்திருந்தார். நான் தெலுங்கில் தொடங்கினேன். "ஒரு ஊரில் ஒரு கடிகாரம் இருந்தது" என்றேன். முடியும் வரை அது பேரில்லாத ஒரு ஊராகவே இருந்தது.

எல்லோரும் ரசித்தார்கள். உன் மாணவிகளில் ஒருத்தி மட்டும், "அந்த ஊர் ராஜா யாரு, டீச்சர்?" என்று கேட்டாள். நடந்த விஷயத்தை நான் பாட்டிக்கதை ஆக்கிவிட்டேன் என்று அப்போதுதான் உறைத்தது.

உன் அம்மா விடவில்லை. "ஊருக்குப் பேரில்லியா? எம் பொண்ணு பேரு சொல்லித்தானே சொல்லுவா."

"மறந்துபோச்சும்மா" என்றேன்.

அலிவேலு, உன் படத்துக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னேன். எப்படி வந்தது அந்தச் சொல் என் வாயில்?

"மெட்ராஸ்! எனக்கே ஞாபகம் இருக்கே" என்றார் உன் அம்மா, கூடம் முழுக்கக் கேட்கும்படி.

நான் தலை குனிந்துகொண்டேன். ஹெட்மிஸ்ட்ரஸ் அம்மாதான் முதலில் சிரித்தார். "மெட்ராஸைத்தான் தமிழ்க்காரங்களுக்கு விட்டுட்டோம்னு பாத்தா, கடியாரத்தையுமா?" என்றார் தெலுங்கில். கூடமே சிரித்தது. பிறகு ராத்திரி மேகம் மூடினால் நட்சத்திரத்துக்கு என்ன செய்வார்கள் என்று ஆளாளுக்குக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். யாரும் முகம் சுளிக்கவில்லை. உன்னோடு பழகியவர்களை நான் எவ்வளவு சிறியவர்களாக நினைத்து வைத்திருந்தேன்! அவர்கள் போடாத எல்லைக்கோட்டை அந்தக் கூடத்தில் போட்டவள் நான்தான்.

அதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். கிளம்பும்போது உன் அம்மா வாசல் வரை வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். "துக்கத்துல எல்லாம் மறந்துபோவுது, இல்லியா? எனக்கும் அப்படித்தான். அவ குரலே சில நாள் ஞாபகம் வரமாட்டேங்குது" என்றார். என் பொய்யை உன் மேல் வைத்த அன்பென்று எடுத்துக்கொண்டு, தன் துக்கத்தையும் அதோடு சேர்த்துவைத்தார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். "ஆமாம்மா" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வெள்ளிக்கிழமை உன் வீட்டுக்குப் போகிறேன். மறக்கவில்லை, பயந்தேன் என்று அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன். அவர் கையை விட்டுவிட்டாலும் சரி. விடாமல் இருந்தால், நீ சொன்னதை எல்லாம் ஊர்ப் பெயரோடு, உன் குரலில் எனக்கு வந்த வரையில், அவருக்குச் சொல்லிக்காட்டுகிறேன்.

கூடப் பிறக்காவிட்டாலும் நீ அக்கா என்று கூப்பிட்டவள்,
சரோஜா