கார்டின் ஆங்கிலப் பக்கம்

கடலூர்,
ஆகஸ்ட் 9

அன்புள்ள ஆரோக்கியராஜ்,

மஸ்கட்டில் வெயில் குறைந்ததா? உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? என் போன் இப்போது அம்மாவிடம் இருக்கிறது. அதனால்தான் கடிதம். இதற்குப் பதில் போடாதே.

கல்யாணம் செப்டம்பர் நான்கு, சிதம்பரத்தில். மாப்பிள்ளை நெய்வேலிக்காரர். மரியாதையாகப் பேசுகிறார். அவர்மேல் சொல்ல ஒரு குறையும் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

பத்திரிகை வந்துவிட்டது. மாப்பிள்ளையின் ஆபீஸ்காரர்களுக்காக ஒரு பக்கம் ஆங்கிலம். அதன் தலைமாட்டில் நான்கு வரிக் கவிதை. எம்.ஏ. படிக்கும்போது கேண்டீனில் உன் லேப்டாப்பில் ஒரு விண்வெளித் தொடர் பார்த்தோமே, செத்துப்போன தோழியின் சவப்பெட்டியைக் கப்பலுக்கு வெளியே அனுப்பும்போது கேப்டன் இருநூறு வருடத்துப் பழைய கவிதை ஒன்றைப் படிப்பாரே, அதுதான். "அழ வெக்கப்படறவன் அடுத்தவன் வரியப் படிக்கிறான்" என்றாய். அன்றே அதை நோட்டில் எழுதி வைத்தேன்.

அப்பா நோட்டின் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்து அச்சகத்தில் கொடுத்துவிட்டார். "எங்க பொண்ணு இங்கிலீஷ் எம்.ஏ., அதுவே ஆசையா எழுதி வெச்சிருக்கு" என்றாராம். அச்சக மணவாளன், "ஸ்டாரு, ஃபிளவரு எல்லாம் வருது மாமா, பூ பார்டர் போட்டா ஜோரா இருக்கும்" என்றாராம்.

புரூஃப் என்னிடம்தான் வந்தது. "தப்பு கிப்பு இருந்தா சொல்லும்மா" என்று அப்பா பக்கத்தில் உட்கார்ந்தார். இது சாவுக்கு எழுதியது என்று சொன்னால், ஏன் எழுதி வைத்தாய், யாரோடு பார்த்தாய் என்று வரும். ஏற்கெனவே கொளஞ்சியப்பன் மாமா தினமும் வந்து, "பேர மட்டும் சொல்லு, மத்தத நாங்க பாத்துக்கறோம்" என்கிறார். உன் அம்மா குடிகாட்டில் தனியாக இருக்கிறார். இரண்டாம் வரியில் ஓர் எழுத்து விட்டுப்போயிருந்தது. அதை மட்டும் திருத்திக் கொடுத்தேன்.

முதல் கார்டின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவி, சாமி படத்தின் முன் வைத்து அம்மா கும்பிட்டாள். மற்றவை ஊருக்குப் போயின. யாராவது படித்துப் புரிந்துகொண்டு, என்ன இது என்று கேட்க வருவார்கள் என்று பத்து நாள் காத்திருந்தேன். எனக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்த சிங்காரம் சார் மட்டும் கண்ணாடி போட்டுக்கொண்டு முழுவதும் படித்தார். "பேப்பர் நல்ல கனம்மா" என்றார்.

செப்டம்பர் முதல் வாரம் லீவு என்று சொல்லியிருந்தாய். மாற்றிவிடு. கல்யாணக் கார் குடிகாடு வழியாகத்தான் சிதம்பரம் போகும். முன்சீட்டில் மாமா இருப்பார். ரோட்டோரம் உன்னைப் பார்த்தால் நான் வண்டியை நிறுத்தச் சொல்லிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும். தயவுசெய்து அக்டோபரில் வா. உன் அம்மாவைக் கண் டாக்டரிடம் காட்டு. வேளைக்குச் சாப்பிடு. நல்லபடியாக இரு.

இப்படிக்கு,
சத்யப்பிரியா