கவிழ்த்து வைத்த டம்ளர்

மார்ச் 6

அன்புள்ள தங்கச்சிக்கு,

அன்றைக்குப் படகிலும் பக்கத்திலும் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: என் மகன், மருமகள், கிரேன்காரர், அவசரம் என்று எல்லோரும் கூப்பிடுகிற பெயிண்டர், நீ, நான். ஏழாவது ஆள் கிடையாது. தினமும் விரல் விட்டு எண்ணிப் பார்க்கிறேன்.

என்னைக் கையோடு கூட்டிப் போகத்தான் நீ வந்தாய். என் பையும் கட்டி வைத்திருந்தது. பட்டறையில் நின்ற படகைத் தண்ணீரில் இறக்கித் துறையில் கட்டியதும், ஒரு பலகையைத் தாண்டினால் நான் தரைக்கு வந்துவிடலாம். இறக்கிக் கால் மணி நேரம் ஆகவில்லை, மருமகளின் செருப்பு சமையல் மேடைக்கு அடியில் மிதந்தது. என்ஜின் பாதி முழுகிவிட்டது. கிரேன்காரர் மறுபடி தூக்கினார். சிங்க் தண்ணீர் படகின் அடி வழியாக வெளியேறும் ஓட்டையை மூடுகிற வால்வு திறந்து கிடந்தது. நீ பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று போய்விட்டாய், என்னை விட்டுவிட்டு.

என் மகன் ஈரச் சட்டையோடு என் பக்கம் வந்தான். "போகட்டும்மா. வயசாச்சு உனக்கு. நான் ஒண்ணும் மனசுல வெச்சுக்கல" என்றான். எல்லார் முன்னாலும். அவசரம் தலையைக் குனிந்துகொண்டான்.

இந்தப் படகில் குடியேறின நாள்முதல், இது முழுகித் தொலையட்டும் என்று நான் இரண்டு வருஷமாகச் சொல்லி வந்தது உண்மை. ஆனால் என் கை அந்த வால்வைத் தொடவில்லை.

இப்போது படகு பட்டறை முற்றத்தில் இரும்புக் கால்கள் மேல் நிற்கிறது. ஏணிக்குப் பதினான்கு படி. என் முழங்காலுக்கு அது ஆகாது. பாய்மரம் ஏறுவதற்கென்று வைத்திருக்கும் பலகை ஊஞ்சலில் என்னைக் கட்டி, மகன் கயிறு இழுக்கும் வின்ச்சைச் சுற்றினால்தான் எனக்குத் தரை. காலையில் ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை, கிணற்று வாளி மாதிரி. மற்ற நேரமெல்லாம் உப்புத்தாள் தேய்க்கும் சத்தம், பெயிண்ட் நாற்றம், என் சோற்றில் தூசி. என் படுக்கைப் பலகையைக்கூடக் கழற்றிக் காயப் போட்டிருக்கிறான். பெஞ்சில் படுக்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்கிறேன். படகை இறக்குமுன் என் பையை எடுக்கக் கீழ் அறைக்குப் போனாயே, சமையல் மேடைப் பக்கம் போனாயா?

உன் அக்கா

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஏதோ பழைய நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதினாய் போல, ஓரமெல்லாம் பிசிறு. உனக்காக அறை ஒழித்து வைத்திருக்கிறேன். ஜன்னல் ஓரம் கட்டில், மாடிப்படி கிடையாது. நீ வந்து காலை நீட்டிப் படுக்க வேண்டியதுதான்.

நடந்ததையே ஏன் கிளறுகிறாய்? உன் மகன்தான் மன்னித்துவிட்டானே. எத்தனை பிள்ளைகள் அப்படி இருக்கிறார்கள்? விட்டுத் தள்ளு. எனக்குப் படகும் தெரியாது, வால்வும் தெரியாது. பையை எடுத்தேன், அங்கே கிடந்த ஒரு டம்ளரைக் கழுவி வைத்தேன், மேலே வந்தேன். அவ்வளவுதான். தண்ணீர்கூடப் போகாமல் அப்படியே நின்றது, என்ன சிங்க்கோ!

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அன்புத் தங்கச்சி

மார்ச் 21

தங்கச்சி,

டம்ளர். அதைத்தான் நான் தேடிக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சமையல் மேடையில் விரித்த துணி மேல் ஒரு டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. இந்தப் படகில் யாரும் டம்ளரைக் கவிழ்க்க மாட்டோம், ஆட்டத்தில் உருண்டுவிடும் என்று கொக்கியில் மாட்டுவோம்.

தண்ணீர் ஏன் நின்றது தெரியுமா? சிங்க்கின் பழைய ஹோஸ் வெடித்திருந்தது. புதுசு வரும்வரை என் மகன் ஹோஸைக் கழற்றி, வால்வை மூடி, சிங்க் ஓட்டையில் துணி அடைத்திருந்தான். வால்வு மூடியிருந்தால் படகை இறக்கலாம், பயமில்லை. எல்லா வால்வையும் காலையிலேயே சரிபார்த்தான். நீ அதற்கப்புறம் வந்தாய். தேங்கின தண்ணீரை விட்டுவிட்டு வர உனக்கு மனசு வராது. உன் வீட்டில் செய்கிற மாதிரி கீழ்க்கதவைத் திறந்து, கைக்குக் கிடைத்ததைத் திருப்பியிருப்பாய். துணி அடைத்திருந்ததால் தண்ணீர் அப்போதும் போகவில்லை, வந்துவிட்டாய். படகை இறக்கினதும் வெளித் தண்ணீர் அந்தத் திறந்த வால்வு வழியாக உள்ளே வந்தது.

ஏழு வயசில் அப்பாவின் வேட்டியில் மையைக் கொட்டிவிட்டு என்னைக் கை காட்டினாய். புதன்கிழமை. விளக்குமாற்றால் எட்டு அடி வாங்கினேன்.

என் மகனுக்கு நடந்ததை ஒரு வரி எழுது. அதுவரை உன் ஜன்னலும் வேண்டாம், கட்டிலும் வேண்டாம். மன்னிக்கப்பட்டவளாக நான் அந்த ஊஞ்சலில் இறங்கி உன் வீட்டுக்கு வர மாட்டேன்.

அக்கா

ஏப்ரல் 9

அன்புள்ள தங்கச்சிக்கு,

நீ அவனுக்கு எழுதியது வந்தது. என்ஜின் கிரீஸ் கையோடே பிரித்துப் படித்தான். இரண்டு தடவை படித்தான். அப்புறம் மேலே ஏறி வந்தான்.

"ஏம்மா, அன்னைக்கே நான் இல்லன்னு சொல்லியிருக்கலாமே?"

"நீயாடான்னு அன்னைக்கே நீ கேட்டிருக்கலாமே?"

கடிதத்தை மடித்தான். இறங்கிப் போனான்.

மறுநாளிலிருந்து படகு வேலையை நிறுத்திவிட்டு எனக்குப் படி அடித்தான். ஏணி இல்லை, அகலமான மரப்படி, இரண்டு பக்கமும் கைப்பிடி. சிலாம்பு குத்தாமல் கைப்பிடியை உப்புத்தாள் போட்டு வழவழவென்று தேய்த்திருக்கிறான். நேற்று நானே இறங்கி, முற்றத்தை ஒரு சுற்றுச் சுற்றி, நானே ஏறினேன். அவசரம் கை தட்டினான்: "பாட்டி, இனி உங்களப் புடிக்க முடியாது!" மருமகள் அழுதாள். அவள் ஒருநாளும் என்னைச் சந்தேகப்பட்டதில்லையாம், வாய் திறக்கத்தான் பயமாம். சரி என்றேன்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறேன். பை இன்னும் கட்டினபடியே இருக்கிறது. உன் மேல் இருந்த கோபம் போய்விட்டது. நீ பயந்தாய், மறைத்தாய், கடைசியில் கைப்பட எழுதினாய். மைக் கணக்கையும் சேர்த்து முடித்துக்கொள்ளலாம். உன் வீட்டில் டம்ளரை நீ எப்படி வேண்டுமானாலும் வைத்துக்கொள்.

படியைப் பார்த்தாயா, பிள்ளைக்கு எவ்வளவு பாசம் என்று சொல்லி என்னைக் கரைக்கப் பார்க்காதே. படி நல்ல படிதான். அதில் இறங்கித்தான் வருவேன். இரண்டு வருஷம் என்னைச் சுமந்தான், சோறு போட்டான், எல்லாம் ஞாபகம் இருக்கிறது. ஆனால் தப்புச் செய்தாயா என்று ஒரு வார்த்தை கேட்காமல், ஊர் பார்க்க என்னை மன்னித்தானே, அவனை நான் மன்னிக்க மாட்டேன்.

என் மகனை.

உன் அக்கா